சீசா அண்ணனும் அடங்கின சோடியமும்

எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் சீசா அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு சோதனைக்குழாய்கூட இடம் மாறாது. அப்பா அம்மா வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. "சீசாவை மூடும்மா, சீசாவை மூடும்மா" என்று மாணவிகளிடம் நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, அவருக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஆண்டு விழா மேடையில் தலைமை ஆசிரியையே வாய் தவறி, "அடுத்து நம்ம சீசா அண்ணன்" என்று கூப்பிட்டுவிட்டார். அவரும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக அங்கே ஆய்வக உதவியாளர் அவர். நான் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து பதினாலு வருடம். பாடம் நடத்துவது நான்; மற்ற எல்லாம் அவர். அமிலம் நீர்க்கச் செய்வது, சீட்டு எழுதி ஒட்டுவது, உடைந்த கண்ணாடியைக் கூட்டுவது, பயந்து அழும் பிள்ளைக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுப்பது. கரும்பலகையைத் துடைப்பதும் அவர்தான். நான் துடைத்தால் ஓரத்தில் விட்டுவிடுகிறேனாம்.

அவர் பயப்பட்ட பொருள் ஒன்றே ஒன்று: சோடியம். பழுப்புச் சீசாவில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் அந்த உலோகக் கட்டிக்கு அவர் வைத்த பேர் "பிசாசு". வருடத்துக்கு ஒருமுறை பத்தாம் வகுப்புக்கு அதை வெளியே எடுப்போம். அவர் இடுக்கியால் கட்டியைப் பிடித்து, கத்தியால் மிளகளவு ஒரு துண்டு நறுக்கி, வடிதாளில் ஒற்றி, கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போடுவார். போட்ட கையோடு இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவார். துண்டு உருண்டையாகித் தண்ணீர் மேல் சீறிக்கொண்டு ஓடும், சில சமயம் மஞ்சளாகத் தீப்பிடிக்கும், பிள்ளைகள் வீறிடுவார்கள். அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவப் போவார். நான் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்கிறது, அயனியாகிறது என்று எழுதுவேன். மணி அடிக்கும். அவர் வந்து வட்டங்களைத் துடைப்பார்.

அவர் வீட்டில் இரண்டே பேர். அவரும் அண்ணியும். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அண்ணி தையல்காரர். முன் அறையில் ஜன்னலோரம் மெஷின். சுற்றிலும் வெட்டின துணி, சாக்பீஸ் கோடு போட்ட காகிதம், ஊசி குத்திவைக்கிற சின்னத் தலையணை. அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் போனால், "வாங்க டீச்சர், உங்க அண்ணன் உங்களையும் சீசாவுல போட்டு மூடி வச்சிருக்காரோன்னு பாத்தேன்" என்பார். மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லாததால் சமையல் பொறுப்பு அண்ணன் தலையில். அதை அவர் ஆய்வக வேலை போலவே செய்வார். அளந்துதான் போடுவார், நேரம் பார்த்துத்தான் இறக்குவார். ருசி மட்டும் அளவுக்குள் வராது.

போன வருடம் அண்ணிக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராகப் பிரித்து வெளியேற்றுகிற மாத்திரை அது. அண்ணன் வீட்டுக்கு வந்து உப்பு ஜாடியைப் பரண் மேல் தூக்கி வைத்துவிட்டார். குறைக்கச் சொன்னதை அவர் அடியோடு நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான். "அவ உப்பில்லாம சாப்பிடும்போது எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார் என்னிடம்.

அதோடு நிற்கவில்லை. வெயில் காலம் வந்தது. நிறையத் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, பக்கவாட்டில் அழியாத மையால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் எழுதினார். ஒன்பது மணிக்கு இதுவரை, பத்து மணிக்கு இதுவரை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அதை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். பொண்டாட்டியை இப்படித் தாங்குகிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று கேலி செய்தேன். வேதியியல் படித்த எனக்கும் அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதை இப்போதும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

மூன்று வாரம் போனது. அண்ணிக்குத் தலைவலி, குமட்டல், எப்போதும் அசதி. வெயில் என்று நினைத்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். முப்பது வருடத் தையல்காரர். அண்ணன் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார், அண்ணி சிரிக்கவில்லை. என்ன தப்பு என்றே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை எழுந்ததும் அண்ணனைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு, அளவு கொடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

ஒரு டாக்சி பிடித்து அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்குப் போன் வந்தபோது மணி பதினொன்று. சிறப்பு வகுப்பில் இருந்தேன்.

"டீச்சர், அவளுக்கு உடம்புல சோடியம் இல்லையாம்" என்றார். "சோடியம் ஏத்தணும்ங்கறாங்க. டீச்சர், சோடியத்தை! ரத்தம் பூரா தண்ணிதானே? தண்ணியில அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணே, அது உப்புத் தண்ணி. பயப்படாதீங்க. நான் வரேன். அவங்க சொல்றதைச் செய்ய விடுங்க."

"விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டுட்டேன். சீக்கிரம் வாங்க."

நான் போனபோது அண்ணியை ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்திருந்தார்கள். கையில் ஊசி, பக்கத்தில் சொட்டுக் கணக்கை அளந்து அனுப்புகிற சின்ன மெஷின், மேலே தொங்கும் பை. அதில் "சோடியம் குளோரைடு 3%" என்று அச்சடித்திருந்தது. வெளியே நீளப் பெஞ்சில் அண்ணன், ஆய்வகக் கோட்டோடு. வீட்டில் அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து எக்ஸ்ரே எடுக்கும் இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் விசாரித்து விசாரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். தூக்கமில்லாத கண். நிதானமாகச் சொன்னார்: "ரத்தத்துல சோடியம் அளவு நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். இவங்களுக்கு நூத்திப் பன்னெண்டுதான் இருக்கு. மாத்திரை சோடியத்தை வெளியே தள்ளியிருக்கு, சாப்பாட்டுல உப்பு வரல, மேல தண்ணி வேற நிறைய. எல்லாம் சேர்ந்து ரத்தம் நீர்த்துப் போச்சு. ரத்தம் நீர்த்தா தண்ணி மூளை செல்லுக்குள்ள போய் அது வீங்கும். அதான் இந்தக் குழப்பம். மெதுவாத்தான் ஏத்தணும். வேகமா ஏத்தினாலும் ஆபத்து. சில மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்போம்."

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "உப்புதான்னு எனக்கும் தெரியும் டீச்சர். சோடியம் குளோரைடுன்னு லேப்ல சீட்டு எழுதி ஒட்டறதே நான்தானே. ஆனா பேர்ல சோடியம் இருக்கே. அந்தப் பிசாசுதானே அது? இல்ல பேருக்கு மட்டும் சோடியமா?"

நான் பையிலிருந்து பேனாவையும் ஒரு மருந்துச் சீட்டையும் எடுத்து, பின்பக்கம் ஒரு வட்டம் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வட்டம் வேண்டாம் டீச்சர். பதினாலு வருஷமா அந்த வட்டத்தைத் துடைக்கிறவன் நான். ஒண்ணும் விளங்கினதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரே அறையில், நான் பலகைப் பக்கம், அவர் தொட்டிப் பக்கம். பேனாவை மூடினேன்.

"சரி. தொட்டியில சோடியம் போட்டா என்ன ஆகுது, சொல்லுங்க."

"ஓடும், சீறும், தீப்பிடிக்கும். அப்புறம் காணாமப் போயிடும்."

"எங்க போச்சு?"

"எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சது அது இல்லண்ணே. தண்ணியிலேருந்து ஒரு வாயு கிளம்புது, ஹைட்ரஜன். எரியறது பெரும்பாலும் அதான். சோடியம் தண்ணிக்குள்ளதான் இருக்கு. கரைஞ்சு போய் இருக்கு. நீங்க கழுவக் கொண்டுபோறீங்களே தொட்டி, அதுலதான் அத்தனையும்."

அவர் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தார். "நான் கையால தூக்கிட்டுப் போறேனே. ஒரு தடவைகூட அது சீறினதில்லையே."

"சீறாது. அதான் விஷயம். சோடியம் அணுவுக்குள்ள நடுவுல பதினொரு பிளஸ் இருக்கு, சுத்தி பதினொரு எலக்ட்ரான். ஒவ்வொண்ணும் ஒரு மைனஸ். சரிக்குச் சரி. அதுல பத்து எலக்ட்ரானை நடுவு இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. பதினொண்ணாவது ஓரத்துல தனியா, பிடிமானம் இல்லாம இருக்கு. யாராவது வந்தா பறிச்சுக்கலாம்ங்கற மாதிரி. தண்ணி வந்து அதைப் பறிச்சுக்குது. நீங்க பாக்கற ஓட்டம், சீறல், சூடு எல்லாம் அந்த ஒண்ணு கைமாறும்போது வர்றதுதான். மாறி முடிஞ்சா வேலை தீர்ந்துச்சு. பாக்கி பத்தும் அசையாது. பதினொரு பிளஸ், பத்து மைனஸ். ஒரு பிளஸ் மிச்சம். அதுக்குத்தான் அயனின்னு பேரு."

"எலக்ட்ரான் போனப்புறமும் அது சோடியம்தானா?"

"பேரு நடுவுல இருக்கிற பதினொண்ணை வச்சு. அது மாறல. ஆனா குணம் வெளியே இருக்கிற எலக்ட்ரானை வச்சு. அது மாறிடுச்சு."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறங்கும் சொட்டையே பார்த்தார். "ஒரே ஒரு எலக்ட்ரானுக்கா டீச்சர் அத்தனை கூத்து?" என்றார். பிறகு, "சரி, குளோரின்? நாம போன வருஷம் தயாரிச்சமே, அந்தப் பச்சை வாயு. ரெண்டு நாள் இருமினேன். அதுவுமா அந்தப் பைக்குள்ள?"

"அது நேர் எதிர். அதுக்குப் பதினேழு எலக்ட்ரான். பதினெட்டாவது ஒண்ணு கிடைச்சாத்தான் நிறையும். அதுக்காக எதைக் கண்டாலும் பாயும். உங்க மூக்கு மேலயும் பாஞ்சுது. ஒண்ணு கிடைச்சதும் மைனஸ் அயனி ஆகி அடங்கிடும். உப்புல இருக்கிறது ரெண்டுமே அடங்கினதுதான். நம்ம நரம்பு ஒண்ணோட ஒண்ணு பேசறதே இந்த சோடியம் அயனி செல்லுக்குள்ள போறதாலதான்."

"அடங்கின சோடியம்" என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்து நான் டீ வாங்கி வரலாமா என்று எழுந்தேன்.

"அப்ப நான் வீட்டுல நிறுத்தினது இதைத்தானா?" என்றார்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

"ஜாடியைப் பரண் மேல வச்சேன். பாட்டில்ல கோடு போட்டேன். இருக்கிறதையும் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டேன். அமிலத்தை எப்படி நீர்க்கப் பண்ணணும்னு நாளெல்லாம் பாக்கிற ஆளு நான். அவளை..." கோட்டு நுனியை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார். டீயை வாங்கி வந்து கையில் கொடுத்தேன். ஆறுகிறவரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு அம்மாள் வந்து எக்ஸ்ரே எங்கே என்று கேட்டதும், எழுந்து கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தார்.

மாலை ஐந்து மணிக்கு நூற்றுப் பதினாறு என்றார்கள். எண்ணை என்னிடம் சொல்லும்போது, பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கின பிள்ளையின் அப்பா போல இருந்தார்.

ஞாயிறு மத்தியானம் நான் போனபோது அண்ணி கண்ணைத் திறந்து, தலையணையில் சாய்ந்திருந்தார். அண்ணன் கட்டிலோரம் நின்றிருந்தார். அண்ணி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என்ன கோலம் இது? சவரம் பண்ணலையா? கோட்டுல ஒரு பட்டனைக் காணோம்."

அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. "நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? பட்டனைத் தொலைக்கிற ஆளு."

அவர் அங்கேயே, என் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். உப்பு, தண்ணீர், கோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "நான்தாம்மா உன்னைப் படுக்க வச்சது" என்றார்.

அண்ணி முழுவதையும் கேட்டார். "உங்க சமையல்ல உப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எனக்கு வித்தியாசமே தெரியல" என்றார். பிறகு குரலை இறக்கி, "எனக்கு அவ்வளவு தண்ணி இறங்கவே இல்ல. நீங்க அழகா கோடு போட்டு, மணி எழுதி வச்சிருந்தீங்களா, குடிக்காம விட மனசு வரல. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"மத்தியான வெயில்ல ஓடி வந்து நிரப்பிட்டுப் போற ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், "சார், நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?" என்று அவர் கோட்டைப் பார்த்துக் கேட்டார்.

"கெமிஸ்ட்ரி" என்றார் அண்ணன்.

ஆறு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை மாற்றினார்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். ஜாடி பரணிலிருந்து இறங்கியது. அண்ணன் கோடு போட்ட பாட்டிலை உடைக்கப் போனார். அண்ணி பிடுங்கி அதில் பட்டன் போட்டு வைத்துக்கொண்டார். இந்தப் பழியில் மாத்திரைக்குத்தான் பெரிய பங்கு என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியும், அண்ணன் பல மாதம் அதை ஏற்கவில்லை. தினமும் ஏதாவது ஒரு நேரம், "அவளுக்குத் தலைவலின்னு அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும் டீச்சர்" என்பார். நானும் தினமும், "பாட்டில் கணக்கை எங்கிட்ட சொன்னீங்க, நானும்தான் சிரிச்சேன்" என்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இருவருக்கும் கொஞ்சம் லேசானது.

அந்த வருடம் அயனிப் பாடம் வந்தபோது நான் வட்டம் போடவில்லை. சோடியத்தைப் போட்டு, டப்பென்று சத்தம் கேட்டு, பிள்ளைகள் அடங்கினதும், "அது எங்க போச்சு?" என்று கேட்டேன். நாற்பது பேரும் எரிந்துவிட்டது என்றார்கள். அண்ணனைத் தொட்டியோடு நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து தெளிந்த தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் அசையாமல் நின்றார். "தண்ணிக்குள்ள கையை விடாதே, வழுக்கும், எரியும். அது சோடியத்தால இல்ல, கூட இருக்கிற ஹைட்ராக்சைடால" என்று மட்டும் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார்.

பள்ளி விடுமுறை விட்ட பிறகு ஒரு மத்தியானம் அண்ணி ஆய்வகத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. "அந்தப் பிசாசை நானும் பாக்கணும்" என்று வீட்டில் அடம்பிடித்திருக்கிறார். அண்ணன் அவருக்குக் கண்ணாடி மாட்டி, மூன்றடி தள்ளி நிற்க வைத்து, துண்டு நறுக்கினார். வெட்டின முகம் பளபளவென்று இருந்தது.

"அட, வெள்ளி மாதிரி!" என்றார் அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் மங்கிவிட்டது. தண்ணீரில் போட்டதும் அது சீறி ஓட, அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலக் கத்தினார். அண்ணன் வழக்கம்போல இரண்டடி பின்னால் நகரவில்லை. அண்ணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அதோடு விடவில்லை. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, லிட்மஸ் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிபண்ணி, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கினார். அரை மணி நேரத்தில் அடியில் வெள்ளையாக ஒரு படலம் நின்றது.

"என்ன இது?" என்றார் அண்ணி.

"உப்பு."

"சாப்பிடற உப்பா?"

"அதே உப்புதான்."

அண்ணி விரலை நீட்டினார். அண்ணன் படக்கென்று கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். "லேப்ல இருக்கிற எதையும் வாயில வைக்கக் கூடாது!"

"நீங்கதானே அதே உப்புங்கறீங்க?"

"அதே உப்புதான். ஆனா வாயில வைக்கக் கூடாது."

"அப்ப எதுக்குக் காய்ச்சினீங்க?"

"நீ பாக்கறதுக்கு."

"பாத்துட்டேன். சாயங்காலம் சமையலுக்கு இதுல ஒரு சிட்டிகையாவது போடுங்க. ருசி வருதான்னு பாப்போம்."

வாக்குவாதம் படியிறங்கியும் ஓயவில்லை. இருவர் குரலும் மைதானம் தாண்டி, பள்ளி வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனது. கிண்ணத்தைக் கழுவி, சீசாக்களை மூடி, ஆய்வகத்தை அன்றைக்கு நான்தான் பூட்டினேன்.